மாடிப்படி முன்னால் நின்று யோசிக்கும் நாய்

போன மாதம் உண்ணிக் காய்ச்சல் பற்றி எழுதும்போது கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: எழுந்திருக்கச் சிரமப்படும் நாயைப் பார்த்து "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள், அது பெரும்பாலும் மூட்டு வலி என்று. உண்ணியை மறந்துவிட்டு எல்லாரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து என்னிடம் வரும் நாய்களிலும் இதுதான் அதிகம். ஈரமும் குளிர்ந்த தரையும் சேர்ந்தால் மூட்டு தேய்ந்த நாய் காலையில் கல்லாகக் கிடக்கும். அதனால் இந்த முறை முழுக்க மூட்டுதான். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். நாய்கள் கோபித்துக்கொள்ளாது என்பதால் அவற்றின் பெயர் அப்படியே இருக்கிறது.

லாஸ்பேட்டை வாசகி: எங்கள் லாப்ரடார் ஜூலிக்கு 8 வயது, எடை 41 கிலோ. காலையில் எழுந்ததும் பின்னங்கால் இரண்டும் விறைத்துக்கொள்கின்றன, வாசல் வரை நடந்தால் சரியாகிவிடுகிறது. மாடிப்படி முன்னால் நின்று எங்களையே பார்க்கிறாள். ஆனால் கத்துவதில்லை, தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைப்பதில்லை. வலி இருந்தால் கத்தமாட்டாளா டாக்டர்?

கத்தமாட்டாள் அம்மா. வாலை மிதித்தால் நாய் கத்தும், அடிபட்டால் கத்தும். மாதக்கணக்கில் மெல்ல ஏறும் வலிக்குக் கத்துகிற நாயை நான் பார்த்தது அபூர்வம். அது வேறு விதமாகச் சொல்லும். சோபாவில் ஏறுவதை நிறுத்தும், உட்காரும்போது பொத்தென்று விழுந்து உட்காரும், ஒரே மூட்டை நக்கி நக்கி அந்த இடத்து மயிர் பழுப்பாகிவிடும், பின்னங்கால் நகம் தரையில் உரசித் தேய்ந்திருக்கும், பிள்ளைகள் மேலே விழுந்து விளையாடினால் இத்தனை வருஷம் உறுமாதது உறுமும். ஜூலியின் தொடையை இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள், உடம்பு இத்தனை பருமனாக இருந்தும் தொடைச் சதை மட்டும் வற்றியிருந்தால் அந்தக் காலில் அவள் பாரம் போடுவதில்லை என்று அர்த்தம்.

சாப்பாட்டை வைத்து முடிவு செய்யவே செய்யாதீர்கள். லாப்ரடாருக்குப் பசி என்பது தனிக் கணக்கு. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் பசியடங்குவதோடு தொடர்புள்ள பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதை, தாங்கள் பார்த்த லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குக் கண்டுபிடித்தார்கள். அந்த நாய்க்குச் சாப்பிட்டு முடித்த பிறகும் பசிக்கும். "பாவம், பசியோட பார்க்கிறா" என்று நீங்கள் நினைப்பது சரிதான், பசிக்கிறதுதான், ஆனால் அவளுக்குச் சாப்பாடு தேவையில்லை.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரிந்தால் பாதி மருந்துச் செலவு மிச்சம். இரண்டு எலும்பு சேரும் இடத்தில் வழுவழுவென்று ஒரு பூச்சு இருக்கிறது, அதுதான் குருத்தெலும்பு. அதில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. நரம்பு இல்லாததால் அது தேயும்போது நாய்க்குத் தெரியாது. தேய்ந்து முடிந்து, கீழே உள்ள எலும்பும் சுற்றியுள்ள சவ்வும் உறுத்தப்படும்போதுதான் வலி வெளியே வருகிறது. ரத்த ஓட்டம் இல்லாததால் போனது திரும்ப முளைக்காது. பூச்சு உரிந்த நான்ஸ்டிக் தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். பூச்சு இனி வராது, தீயைக் குறைத்து எண்ணெய் தடவி இன்னும் பல வருஷம் தோசை ஊற்றலாம். நாயின் விஷயத்தில் தீயைக் குறைப்பது என்றால் எடையைக் குறைப்பது.

பெண் லாப்ரடாருக்கு 25இலிருந்து 32 கிலோ வரை இருக்கலாம். ஜூலி தினமும் ஒன்பது பத்து கிலோ அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு நடக்கிறாள். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை, குட்டியிலிருந்து சாகும் வரை ஒரு ஆய்வில் வைத்திருந்தார்கள், 2002இல் முடிவு வந்தது. ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகப் போட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். குறைவாகச் சாப்பிட்டவை கிட்டத்தட்ட 2 வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானத்துக்கு மருத்துவம் தேவைப்பட்ட வயதும் அவற்றுக்குச் சுமார் 3 வருஷம் தள்ளிப்போனது. எந்த மருந்துக் கம்பெனியும் 3 வருஷம் தள்ளிப்போடும் மாத்திரை கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே குண்டாகி நொண்டும் நாய்க்கும் வழி இருக்கிறது: உடம்பு எடையில் 6 சதவீதம் குறைந்ததிலிருந்தே நொண்டல் குறைவது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. ஜூலிக்கு அது இரண்டரை கிலோ.

எப்படிக் குறைப்பது? உங்கள் கடிதத்தில் "ஒரு வேளைதான் போடுகிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள், நான் நம்புகிறேன். கூடவே மாமியார் காலை இட்லியில் பாதி, உங்கள் வீட்டுக்காரர் டீக்கு நனைத்த பிஸ்கட் நாலு, பையன் ராத்திரி சப்பாத்தி என்று தனித்தனியாக ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், யாரும் அதைச் சாப்பாடு என்றே எண்ணமாட்டார்கள். ஒரு தூக்குச்சட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஜூலிக்கு உண்டானது முழுதும் காலையிலேயே அதில் போட்டுவிடுங்கள். யார் எது கொடுத்தாலும் அதிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும், சட்டி காலியானால் அன்றைக்குக் கடை மூடியாச்சு. சாதத்தைக் குறைத்து அந்த இடத்தில் வேகவைத்த சுரைக்காய், பூசணி, பீன்ஸ் போடுங்கள், உப்பு எண்ணெய் தாளிப்பு இல்லாமல். முட்டை, கோழி குறைய வேண்டாம், சதை வற்றக் கூடாது. வாரத்துக்கு 400இலிருந்து 800 கிராம் வரை இறங்கினால் போதும், அவசரம் வேண்டாம். 41 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்க முடியாது, பக்கத்து அரிசிக் கடையில் மூட்டை போடும் எடைமேடை இருந்தால் பதினைந்து நாளைக்கு ஒரு முறை கூட்டிப் போய் நிறுத்துங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் செய்கிறார்கள், கடைக்காரர்களும் சந்தோஷமாகவே போட்டுக் கொடுக்கிறார்கள். உங்கள் புறங்கையைத் தடவிப் பாருங்கள். விரலை மடக்காமல் புறங்கையில் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ அப்படி ஜூலியின் விலா தட்டுப்பட வேண்டும், அதுதான் இலக்கு. இவ்வளவும் செய்து மூன்று மாதத்தில் ஒரு கிலோகூட இறங்கவில்லை என்றால் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

அப்புறம் தரை. புதுச்சேரியில் புதிதாகக் கட்டுகிற வீடு எல்லாம் கண்ணாடி மாதிரி டைல்ஸ். நமக்கு அழகு, மூட்டு போன நாய்க்குப் பனிச்சறுக்கு. எழும்போது பின்னங்கால் இரண்டு பக்கமும் விரிந்து போகும், அந்த ஒரு விரிசலிலேயே அன்றைய வலி தொடங்கிவிடும். அவள் படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரை, அங்கிருந்து வாசல் வரை ரப்பர் பாயோ தென்னை நார் விரிப்போ ஒரு பாதை மாதிரி போடுங்கள். சாக்கு போடாதீர்கள், அதுவே வழுக்கும். நகத்தை வெட்டுங்கள், பாதத்துக்கு இடையில் வளரும் மயிரையும். படுக்கை தடிமனாக, தரையின் ஈரம் ஏறாதபடி. மாடிக்கு இனி வேண்டாம், படிக்கட்டில் ஒரு கேட் போட்டுவிடுங்கள், கோபித்துக்கொண்டாலும் இரண்டு நாளில் மறந்துவிடுவாள்.

நடை? நிறுத்தவே கூடாது. ஒரே நேரத்தில் முக்கால் மணி நேரம் இழுத்துப் போவதற்குப் பதில் பத்துப் பதினைந்து நிமிடமாக மூன்று முறை. வாரம் முழுக்கக் கட்டிப்போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட வைத்துவிட்டு, திங்கட்கிழமை நொண்டுகிறது என்று தூக்கி வருகிறார்களே, அவர்களிடம் நான் பீஸ் கூடுதலாக வாங்கலாமா என்று யோசிப்பதுண்டு.

மஞ்சக்குப்பம், கடலூர் வாசகர்: என் முழங்கால் வலிக்கு நான் போடும் மாத்திரையில் பாதியை எங்கள் டாமிக்குக் கொடுத்தேன். இரண்டு நாள் நன்றாக ஓடினான். மூன்றாம் நாளிலிருந்து வாந்தி, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டேன், வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

ஐயா, இதற்கு இதழ் வரும் வரை காத்திருக்க முடியாது என்பதால் கடிதம் பார்த்த அன்றே உங்களை அழைத்துச் சொல்லிவிட்டேன், டாமி டிரிப் ஏற்றிப் பிழைத்துக்கொண்டது நல்ல விஷயம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கறுப்பு மலம் என்றால் வயிற்றிலோ சிறுகுடலிலோ புண்ணாகி ரத்தம் கசிந்து, அது செரித்து வெளியே வருகிறது. டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், நாப்ராக்சென், ஆஸ்பிரின் எதையும் வீட்டு டப்பாவிலிருந்து எடுத்து நாய்க்குக் கொடுக்காதீர்கள். நம் உடம்பு சமாளிக்கிற அளவை நாயின் குடலும் சிறுநீரகமும் சமாளிக்காது. பாராசிட்டமால் "சின்ன மாத்திரைதானே" என்று கேட்காதீர்கள், நாய்க்கே அளவு தப்பினால் ஈரல் போகும், பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

நாய்களுக்கென்று மருந்து இருக்கிறது: மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென், ஃபைரோகாக்சிப். மெலாக்சிகாம் மனிதர்களுக்கும் உண்டே என்பீர்கள். உண்டு, அங்கேதான் ஆபத்து. 10 கிலோ நாய்க்குத் தொடர்ந்து கொடுக்கும் அளவு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம், நம் மருந்துக் கடையில் கிடைப்பதோ 7.5, 15. பாதியாக உடைத்தாலும் நாலு மடங்கு. நீண்ட நாள் கொடுப்பதாக இருந்தால் ஈரல், சிறுநீரகம் இரண்டுக்கும் ரத்தம் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க வேண்டும், வாந்தி வந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு அழைக்க வேண்டும். ஸ்டீராய்டு ஊசி போட்ட நாய்க்கு மேலேயே இந்த மாத்திரையைக் கொடுத்தால் குடல் ஓட்டையாகும் அளவுக்குப் போகும். "ஒரு ஊசி போட்டார், அன்றைக்கே குதித்தது, இந்த மருந்துதான் வேண்டும்" என்று கேட்டு வருகிறவர்கள் முதலில் அது என்ன ஊசி என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். அடிக்கடி ஸ்டீராய்டு போட்டால் தாகம், பசி, எடை எல்லாம் ஏறும், மீதமிருக்கும் குருத்தெலும்பும் கெடும்.

டைக்ளோஃபினாக் பற்றி ஒரு பக்கக் கதை. மாடுகளுக்கு அந்த ஊசியைப் போட்டு, அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கொத்துக்கொத்தாகச் செத்தன. இந்தியாவில் அவை ஏறக்குறைய அழிந்தே போகிற நிலைக்கு வந்தபின் 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் 2023இல் அதே தடை வந்தது. மெலாக்சிகாம் கழுகை ஒன்றும் செய்வதில்லை. ஆகவே யாராவது உங்கள் நாய்க்கு டைக்ளோஃபினாக் ஊசி எடுத்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்குச் சட்டமும் துணை இருக்கிறது.

வலித்தைலமும் தேய்க்காதீர்கள். நாய் அதை நக்கி உள்ளே தள்ளும், கற்பூரமும் குளிர்ச்சி தரும் அந்த எண்ணெயும் வயிற்றுக்குள் போகிற பொருள் அல்ல. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, உங்கள் முழங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். புதிதாக அடிபட்டு வீங்கிய மூட்டுக்கு மட்டும் முதல் இரண்டு நாள் ஐஸ்.

வில்லியனூர் வாசகர்: 4 மாத ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி. பெட்டியில் வரும் குட்டித் தீவனம்தான் போடுகிறோம். காது நிமிரவும் எலும்பு பலமாகவும் கால்சியம் டானிக் காலை மாலை ஒரு மூடி. இப்போது முன்னங்கால் வெளிப்பக்கமாக வளைகிறது. டானிக்கைக் கூட்டட்டுமா?

இன்றைக்கே நிறுத்துங்கள் தம்பி. வளர்ந்த நாய்க்கு வேண்டாத கால்சியத்தைக் குடல் தடுத்துவிடும். இந்த வயதுக் குட்டிக்கு அந்தத் தடுப்பு சரியாக வராது, கொடுத்தது கொடுத்தபடி உள்ளே போகும். தீவனத்தில் ஏற்கெனவே கணக்காகச் சேர்த்திருக்கிறார்கள், அதன் மேல் டானிக் ஊற்றினால் எலும்பு வளரும் முனைகள் தாறுமாறாகும், குருத்தெலும்பு எலும்பாக மாறுவது தடைப்படும். காது நிமிர்வது இன வழியாக வருவது, பல் விழுந்து முளைக்கும் காலம் முடிந்தால் பெரும்பாலும் தானாக நிமிரும்.

இதற்கு நேர் எதிரான தப்பும் நம் பக்கம் நிறைய. தயிர் சாதம், பால் சாதம், எலும்பில்லாத கோழி என்று மட்டும் வளர்க்கும் குட்டிக்குக் கால்சியம் போதாமல் எலும்பு மெலிந்து, சோபாவிலிருந்து குதித்தாலே முறியும். அவர்களுக்கு டானிக் தேவைப்படலாம், எவ்வளவு என்பதை மருத்துவர் எழுதித் தரட்டும். உங்கள் குட்டிக்கு முன்னங்கால் எக்ஸ்ரே இந்த வாரமே எடுங்கள், தள்ளிப்போட்டால் வளைவு நிலைத்துவிடும். இடுப்பையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள், ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் லாப்ரடாருக்கும் இடுப்பு மூட்டுக் கிண்ணம் சரியாக அமையாத குறை பரம்பரையாக வருகிறது. பிறக்கும்போது தெரியாது, வளர வளர மூட்டு தளர்ந்து ஆடும். பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தாவி ஓடினால் சந்தேகப்படுங்கள். நார்வேயில் பெரிய இன நாய்க்குட்டிகளை வைத்து நடத்திய, 2012இல் வெளிவந்த ஆய்வில் 3 மாதத்துக்குள் தினமும் படியேறிப் பழகிய குட்டிகளுக்கு இந்த இடுப்புக் குறை அதிகம் வந்தது. வெளியே மெத்தென்ற மண்ணில் கட்டில்லாமல் ஓடி விளையாடியவற்றுக்குக் குறைவு. ஆக, மொட்டைமாடிக்கு ஏற்றி இறக்கி "பயிற்சி" கொடுக்காதீர்கள், தோட்டத்து மண்ணில் விடுங்கள். இடுப்பு சரியில்லை என்று தெரிந்தால் அந்த நாயைக் குட்டி போட விடக் கூடாது. விற்றவரிடம் தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரே கேட்டீர்களா என்று நான் கேட்டால் எல்லாரும் சிரிக்கிறார்கள். பத்துப் பதினைந்தாயிரம் கொடுத்து வாங்குகிறவர் கேட்கத்தான் வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி: எங்கள் பொமரேனியன் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு குதிக்கும், உடனே ஒன்றுமே நடக்காதது போல ஓடும். திருஷ்டி என்கிறார் என் அத்தை.

அத்தை எலுமிச்சம்பழம் சுற்றிப் போடட்டும், தப்பில்லை. நடப்பது என்னவென்றால் முழங்கால் சில்லு தன் பள்ளத்திலிருந்து பக்கவாட்டில் நழுவி, மறுபடி உள்ளே விழுகிறது. சின்ன இனங்களுக்கு இது சகஜம். நாலு நிலை இருக்கிறது. முதல் நிலையில் நாம் தள்ளினால்தான் நழுவும், நாலாவதில் உள்ளே போகவே போகாது. உங்களுடையது இரண்டாவதாக இருக்கும் என்று நினைக்கிறேன், கையால் தொட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியும். எடை ஏறாமல் பார்த்துக்கொண்டு, ஸ்கூட்டர் முன் பலகையிலிருந்து தானாகக் குதிக்க விடாமல் தூக்கி இறக்கினால் பல நாய்கள் அறுவை சிகிச்சை இல்லாமலே காலம் தள்ளிவிடும். குதிப்பது அடிக்கடி ஆனாலோ, காலை ஊன்றாமலே இருந்தாலோ ஆபரேஷன்.

நெல்லிக்குப்பம் வாசகர்: 5 வயது ராட்வைலர், 48 கிலோ. பந்து துரத்தும்போது கத்தியது, அதிலிருந்து வலது பின்னங்கால் நுனிவிரல் மட்டும்தான் தரையில் படுகிறது. உட்காரும்போது அந்தக் காலை வெளியே நீட்டிக்கொள்கிறது. சுளுக்கு என்று கட்டுப் போட்டோம், மூன்று வாரமாக அப்படியே.

நீங்கள் எழுதிய இரண்டு அடையாளமும் முழங்காலுக்குள் இருக்கும் சிலுவைத் தசைநார் அறுந்ததைத்தான் காட்டுகின்றன. கால்பந்து ஆட்டக்காரருக்கு ஒரே உதையில் அறும், நாய்க்கு அப்படியில்லை. மாதக்கணக்கில் நைந்து நைந்து, பந்து வெறும் கடைசிச் சாக்கு. கட்டுப் போட்டு இது ஒட்டாது. மயக்க ஊசி போட்டு, தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு கீழ் எலும்பை முன்னால் இழுத்துப் பார்ப்பார்கள், அலமாரி இழுப்பறை மாதிரி வந்தால் உறுதி. எக்ஸ்ரேயில் நார் தெரியாது, மூட்டின் வீக்கமும் தேய்மானமும் தெரியும்.

பத்துப் பன்னிரண்டு கிலோ நாயாக இருந்தால் ஓய்வு, எடைக் குறைப்பு என்று முதலில் பார்க்கலாம் என்பேன். 48 கிலோவுக்கு அறுவை சிகிச்சைதான் நல்லது. கீழ்க்கால் எலும்பின் மேல்தளத்தை வெட்டி, சாய்வை மாற்றி, பிளேட் வைத்து இறுக்குவார்கள். அதன் பிறகு எலும்பு கூட இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை கயிற்றில் பிடித்துக்கொண்டு சிறுநீர் கழிக்க மட்டும் வெளியே. இதில்தான் வீடுகள் தோற்கின்றன, மூன்றாவது வாரம் நாய் தெம்பாகத் தெரிந்ததும் அவிழ்த்துவிட்டுவிடுவார்கள். எல்லா ஊரிலும் இந்த ஆபரேஷன் கிடையாது. புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி பெயரிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம், சென்னையில் வேப்பேரிக் கல்லூரி இருக்கிறது. முதலில் அங்கே காட்டி என்ன செய்யலாம் என்று கேளுங்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: ஒரு கால் அறுந்த நாய்களில் கிட்டத்தட்ட பாதிக்கு மற்றக் காலும் பின்னால் அறுகிறது. இப்போதே எடையைக் குறைத்தால் அந்தக் காலுக்கும் நல்லது.

முத்தியால்பேட்டை வாசகர்: பிரண்டை எலும்புக்கு நல்லது என்று அம்மா துவையல் வைத்துச் சாதத்தில் பிசைந்து போடுகிறார். செல்லப்பிராணிக் கடையில் குளுக்கோசமைன் டப்பா 1,200 ரூபாய் சொல்கிறார்கள். எது உசத்தி?

துவையல் வேண்டாம். பிரண்டைக்காகச் சொல்லவில்லை, அதோடு அரைக்கிற பூண்டு, வெங்காயம், மிளகாய், உப்புக்காக. பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். பச்சைப் பிரண்டை நம் கையையே அரிக்கும், நாயின் தொண்டையை யோசித்துப் பாருங்கள். அம்மா துவையலை நீங்கள் சாப்பிடுங்கள்.

குளுக்கோசமைன் பெரிய கெடுதல் செய்யாது, பெரிய நன்மை செய்ததாக ஆய்வுகளும் ஒத்துச் சொல்லவில்லை. சில வீடுகளில் "நல்லா இருக்கு டாக்டர்" என்கிறார்கள், நான் மறுப்பதில்லை, இரண்டு மூன்று மாதம் போட்டுப் பார்த்து வித்தியாசமில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். கையில் 1,200 ரூபாய்தான் இருக்கிறது என்றால் நான் ரப்பர் பாய் வாங்கச் சொல்வேன். மீன் எண்ணெய்க்கு இதைவிட ஆதாரம் உண்டு, அதிலுள்ள ஒமேகா-3 மூட்டு வீக்கத்தைத் தணிக்கும். நமக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. கவலை, மத்தி மாதிரி எண்ணெய் மீனை மசாலா இல்லாமல் குக்கரில் முள் குழையும் வரை வேகவைத்து வாரம் மூன்று நாள் கொடுங்கள், அன்றைக்குக் கோழியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பொரித்த மீனும் குழம்பு மீனும் வேண்டாம். கடையில் வாங்கினால் மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு என்பதைப் பார்த்து வாங்குங்கள், ஈரல் எண்ணெயில் ஏ, டி வைட்டமின்கள் அதிகம், தினமும் கொடுத்தால் உடம்பில் தேங்கும்.

அரியாங்குப்பம் வாசகி: எங்கள் நாட்டு நாய்க்கு 3 வயதுதான். நேற்று முன்னங்கால் நொண்டியது, இன்றைக்குப் பின்னங்கால். உடம்பு சுடுகிறது, சோர்ந்து கிடக்கிறது.

கால் மாற்றி மாற்றி நொண்டினால், கூடவே காய்ச்சலும் இருந்தால், அது தேய்மானம் அல்ல. உண்ணி வழியாக வரும் எர்லிக்கியா போன்ற கிருமிகள் பல மூட்டுகளை ஒரே சமயத்தில் வீங்க வைக்கும். நம் கடலோரத்தில் உண்ணி வருஷம் முழுக்க இருக்கிறது, நாட்டு நாயும் தப்பாது. ரத்தம் எடுத்துத் தட்டணுக்கள் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள், ஈறில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். எர்லிக்கியா என்றால் டாக்சிசைக்ளின் நாலு வாரம். நாலாம் நாளே துள்ளிக் குதிக்கும், அப்போது நிறுத்தினால் கிருமி உள்ளே பதுங்கிக்கொள்ளும். தயவுசெய்து வலி மாத்திரையை மட்டும் போட்டு மூடி வைக்காதீர்கள்.

தேவனாம்பட்டினம் வாசகர்: மூட்டு வலிக்கு நீச்சல் நல்லதாமே, சில்வர் பீச்சில் தினமும் இறக்கலாமா?

நீச்சல் நல்லதுதான், தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்ளும், மூட்டு நோகாமல் சதை வேலை செய்யும். ஆனால் நம் கடல் நீந்தப் பழக்குகிற கடல் கிடையாது, உள்ளிழுப்பு பலமானது, வயசான நாய் அலையில் காலை ஊன்ற முடியாமல் புரளும். உப்புத் தண்ணீர் குடித்துக் கழிச்சலும் வரும். அலை வந்து போன இறுகிய ஈர மணலில் விடியற்காலையில் நடத்துங்கள், அது நல்ல தரை. காலை உள்ளே வாங்கும் உலர்ந்த மணல் மூட்டுக்குக் கஷ்டம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கால் கழுவுங்கள். பாகூர் பக்கமோ பண்ருட்டி பக்கமோ தெரிந்தவர் நிலத்தில் பம்புசெட் தொட்டி இருந்தால் அது யோகம். மோட்டாரை நிறுத்திவிட்டு, நெஞ்சளவு தண்ணீரில், மார்புப் பட்டை போட்டு நீங்களும் கூடவே இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வையுங்கள். ஏறி வெளியே வரச் சாய்வு இல்லாத தொட்டி என்றால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும்.

வண்டிப்பாளையம் வாசகி: எங்கள் தெரு நாய், எங்களுடையது என்று சொல்ல முடியாது, பத்து வருஷமாக எங்கள் வாசலில்தான். முன்பு எப்போதோ ஆட்டோ மோதி இடுப்பு கோணலாகக் கூடிவிட்டது. இந்த மழைக்கு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. தூக்கப் போனால் கடிக்க வருகிறது. மருத்துவமனைக்குக் கூட்டிப் போகும் வழி தெரியவில்லை.

கடிக்க வருவது வலியால், உங்கள் மேல் கோபத்தால் அல்ல. தூக்காதீர்கள். முதலில் அது படுக்கும் இடத்தைச் சரி செய்யுங்கள்: பக்கம் பக்கமாக இரண்டு செங்கல் வரிசை, மேலே ஒரு பலகை, அதன் மேல் பழைய கம்பளி, தலைக்கு மேல் சாரல் அடிக்காத ஒரு தகரம். உயரம் ஒரு செங்கலுக்கு மேல் வேண்டாம், ஏற முடியாது. சோறும் தண்ணீரும் எட்டுகிற தூரத்தில். அப்புறம் அது நடக்கிற விதத்தையும் எழுகிற விதத்தையும் இரண்டு நிமிடம் செல்போனில் படம் பிடியுங்கள், ஏறக்குறைய எடையைக் கணித்துக்கொள்ளுங்கள், அதோடு மஞ்சக்குப்பம் பக்கத்து வாசகர் செய்தது போல் எதுவும் செய்யாமல், அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கு நீங்கள் மட்டும் போய்க் காட்டுங்கள். முடிந்தால் ஒருவர் வாசலுக்கே வந்து பார்க்கட்டும். நாய்க்கான வலி மருந்து திரவமாகவும் வருகிறது, வேகவைத்த மீனில் கலந்து வைத்தால் தொடவே வேண்டியதில்லை. வெறிநாய்த் தடுப்பூசி போட்டதா என்று தெரியாவிட்டால் அதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள். அதுவரை, ஏற்கெனவே பல் பட்டிருந்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, நாயை அப்புறம் பார்க்கலாம், நீங்கள் முதலில் ஊசி போட்டுக்கொள்ளப் போங்கள்.